நாற்பத்தொரு நாள் நீலம்

ஏற்காட்டு மலையில் ஓட்ஸ் தின்ற உயிர்கள் அந்தக் காலத்தில் இரண்டே வகை. ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரை ஒன்று, எஸ்டேட் பங்களாவில் குடியிருக்கும் முதலாளி இன்னொன்று. எண்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில்தான் மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். மளிகைக்கடை பஷீர் அகமது பாய்.

ஆள் எப்படி என்றால், அவர் எங்கள் பஸ்ஸில் ஏறிய உடனே டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "பாய் ஏறிட்டாருங்களா?" என்பார். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து சொல்லிவிடும். அவருக்கு மட்டும் நான் ஒன்றரை டிக்கெட் போட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். ஒன்றேகால்தான்.

சேலத்துக்கும் நாகலூருக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். ஒரு பைசா சில்லறை தவறியதில்லை. பாய்க்கும் எனக்கும் பழக்கம் அல்வாவில் ஆரம்பித்தது. சேலம் கடைவீதியில் நெய் மிதக்கும் கோதுமை அல்வா, மந்தார இலையில் கட்டி வாங்கி, மாலை நாலரை டிரிப்பில் கொண்டுவர வேண்டும். பாய் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று பொட்டலத்தைப் பிரிப்பார். அங்கிருந்து அவர் கடை அறுபது தப்படி. ஐம்பதாவது தப்படியில் அல்வா தீர்ந்திருக்கும். இலையை மட்டும் உள்ளே கொண்டுபோய் மனைவி அமீனாவிடம் நீட்டுவார்.

"உனக்கு வாசம் கொண்டாந்திருக்கறேன், இந்தா."

"இலையயும் தின்னுட்டு வந்திருக்கலாமில்லீங்க? எதுக்கு மிச்சம் வெச்சீங்க?" என்பார் அமீனா. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே இருபது வருஷத்தை ஓட்டியிருந்தார்கள்.

அந்தப் புரட்டாசியில் பாயின் வலது கால் பெருவிரலில் சாக்குத் தைக்கும் ஊசி ஏறியது. துளிதான் ரத்தம். மூன்று வாரமாகியும் புண் மூடவில்லை. சேலத்து டாக்டரிடம் நானே இறக்கிக் கூட்டிப்போனேன். டாக்டர் புண்ணைப் பார்க்கவில்லை. ஒரு குழாயில் சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னார். சர்க்கரை.

"மாத்திரை எழுதறேன். இனிப்பு இருக்கற பக்கமே திரும்பக் கூடாது. காலைல ஓட்ஸ் கஞ்சி குடிங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு தினமும் நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. நீலமோ பச்சையோ இருந்தா புண்ணு ஆறிடும். செங்கல் நெறம் வந்தா அன்னிக்கே இறங்கி வந்துடணும், ஊசி போட்டுக்கலாம். நாள் கடத்துனா காலுக்கு நான் பொறுப்பில்ல."

டெஸ்ட் என்றால் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பாட்டிலில் நீலத் தண்ணீர் ஒன்று தருவார்கள். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, மேலே போனால் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியாகச் செங்கல்.

ஏற்காட்டில் அப்போது நாலைந்து வீட்டில்தான் டெலிவிஷன் இருந்தது. மிச்சப் பேருக்குப் பாயின் கண்ணாடிக் குழாய்தான் பொழுதுபோக்கு. காலை பத்தரை மணிக்கு அமீனா கடையின் பின்கட்டில் விளக்கைப் பற்ற வைத்தால், டீக்கடை பெஞ்சு காலியாகும். உள்ளேயிருந்து பாய் கத்துவார்: "ஏம்ப்பா, என்னோட மூத்தரத்தப் பாக்கறதுக்கு டிக்கெட் போடட்டுமா? கண்டக்டர்கிட்ட கட்டு இருக்குது!"

இனி ஓட்ஸ். டாக்டர் 'ஓட்ஸ்' என்று சொன்னாரே தவிர எந்த ஓட்ஸ் என்று சொல்லவில்லை. பாய் கடையிலேயே மூன்று தினுசு இருந்தது. இருபது வருஷமாக விற்கிறார், நாக்கில் ஒன்றைக்கூட வைத்ததில்லை. அதனால் மரியஅந்தோணியைக் கூப்பிட்டார். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் நாற்பது வருஷம் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி காய்ச்சுவதைப் பற்றிப் பேச வரும்போதும் வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வருவார்.

மூன்றையும் மூன்று தட்டில் கொட்டி மேஜைமேல் வைத்தார்கள். பட்லர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகைக்கடையில் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இந்த மெல்லிசு இருக்குதே, போர்டிங் ஸ்கூலுக்கு மூட்டைல போறது. ரெண்டு நிமிசத்துல வெந்துரும். இது டப்பால வர்ற தடிப்பு அவல். பங்களால எல்லாம் இதுதான். பத்து நிமிசம் கிண்டணும். இது..." என்று மூன்றாவது தட்டில் விரலை விட்டு அளைந்தார். "இது நொய்யி. தட்டவே இல்ல, கத்தியால நறுக்குனது. இதெப்படி உங்ககிட்ட, பாய்?"

"வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஒருத்தங்க சொல்லி வெச்சு மெட்ராசுல இருந்து வரவழைச்சது. சரக்கு வந்து எறங்குது, அவங்க ஆஸ்திரேலியாவுக்கு ஏறிட்டாங்க. பதினோரு டப்பா அப்பிடியே கெடக்குது. எலிகூட தொடல."

"எலிக்கு என்ன தெரியும்? ராத்திரியே ஊற வெச்சு, காலைல தணல்ல ஒரு மணி நேரம் கிண்டணும். உப்பு கடைசிலதான். எங்க தொரைக்கு இதேதான். எழுவது வயசுல குதிரை ஏறுனாரு."

"குதிரையும் அதையேதான் தின்னுதுங்களா?" என்றார் பாய்.

முதல் வாரம் மெல்லிசு. பாய் முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அமீனா, மிச்சத்த எடுத்து வெய்யி. எலெக்சனுக்கு நோட்டீஸ் ஒட்டறதுக்கு ஆகும்." குழாயில் மஞ்சள் தாண்டி ஆரஞ்சு வந்தது. இரண்டாவது வாரம் தடிப்பு அவல். "ஈரத் துண்ட மெல்றாப்ல இருக்குது" என்றார். மஞ்சள். நடுவே மாரமங்கலத்துச் சின்னையன், பாய் கடைக்குக் காப்பிக்கொட்டையும் மிளகும் கொண்டுவருகிற மலைக்காரர், "சாமைக் கஞ்சி குடிங்க பாய், குதிரைத் தீனி எதுக்குங்க?" என்று ஒரு வள்ளம் சாமையைக் கொண்டுவந்து கொட்டினார். அதையும் மூன்று நாள் பார்த்தார்கள். அதுவும் மஞ்சள்தான். சின்னையனுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க சாமை மேல தப்பிருக்காதுங்க, இவரு ஒடம்பு அப்பிடி" என்றார்.

மூன்றாவதாக நொய். அமீனா முன்னிரவே ஊற வைத்து, விடிந்ததும் விறகடுப்புத் தணலில் ஏற்றி, பலகையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிண்டுவார். மலைப்பனி சன்னல் வழியாக உள்ளே வந்து அடுப்பில் குளிர் காயும். பாய் குடித்துப் பார்த்தார். "இது பரவால்ல. பல்லுக்கு வேலை குடுக்குது. பட்லரு சொன்னாப்ல குதிரை ஏறிப்புடலாம், குதிரைதான் பாவம்."

பத்தரை மணிக்குக் குழாய் பச்சையாக நின்றது. டீக்கடை பெஞ்சு கை தட்டியது.

"தட்டிப் போட்டது வவுத்துக்குள்ள சட்டுனு கரைஞ்சு ஏறிப்போயிரும். நொய்யி மெதுவாத்தான் கரையும்" என்று மரியஅந்தோணி எல்லோருக்கும் விளக்கினார். அன்றைக்கு அவர் பட்லர் இல்லை, பெரிய டாக்டர்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, பதினாலாவது வளைவில் மண் சரிந்து, ஒரு பாறை உருண்டு ரோட்டில் உட்கார்ந்தது. நான் நேரில் பார்த்தேன். சேலம் ஜங்ஷனைவிடக் கொஞ்சம் சின்னது. எங்கள் பஸ் மேலேயே மாட்டிக்கொண்டது. ஒன்பது நாள் நானும் டிரைவரும் பாய் கடைக் கிடங்கில், மூட்டைமேல் படுத்துக் கிடந்தோம். சோறு அமீனா போட்டது.

அந்த ஒன்பது நாளில் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். அமீனா நீல மருந்துப் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டக்டரண்ணா, தீந்து போச்சுங்க. நாளைக்கு எப்பிடிப் பாக்கறது? மெடிக்கல்ல கேட்டா, ரோடு தொறந்தாத்தான் வரும்ங்கறாங்க. செங்கல் வந்தாக்கூடத் தெரியாமப் போயிருமே."

சின்னையன் அப்போதுதான் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றார். காப்பிச்செடியில் இலை நோய், மருந்தடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். அமீனாவின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க பாயம்மா, எங்க தண்ணியப் புடிச்சு பாட்டில்ல வெச்சிருக்கறீங்க?"

"உங்க தண்ணியா?"

"மயில்துத்தம்ங்க. செடிக்கு அடிக்கறது. உங்க கடைல வாங்குனதுதானுங்களே. ஊட்ல மொடா நெறைய கரைச்சு வெச்சிருக்கறனுங்க."

மரியஅந்தோணியும் அங்கேதான் இருந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "காப்பர்... சல்பேட். அட, ஆமா! துத்த மூட்டை மேல இதேதான் போட்டிருக்கும். நாப்பது வருஷமா எஸ்டேட்ல பாக்கறேன்."

"கீழ இன்னும் என்னமோ இருக்குதுங்களே?" என்றார் அமீனா.

"அது பொடி எழுத்து. கம்பெனிக்காரன் அட்ரஸா இருக்கும்."

அமீனா அவசரப்பட்டவர் இல்லை. சின்னையனிடம் கேட்டார்: "சுண்ணாம்பு கலந்ததுங்களா?"

"இல்லீங்க. சுண்ணாம்பு வேற மொடா. அடிக்கறப்பத்தான் ரெண்டையும் சேப்போம். இது சுத்தமுங்க, கண்ணாடியாட்டம் இருக்கும்."

மறுநாள் காலை சின்னையன் மாரமங்கலத்திலிருந்து மழையில் நடந்து, ஒரு பெரிய பாட்டில் கொண்டுவந்தார். பழைய பாட்டிலில் அடியில் மிஞ்சியிருந்ததையும் இதையும் அமீனா சன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நீலம். பாய் முன்கடையில் யாருக்கோ மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார். அமீனா என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரு. ஊத்தலாங்களா?"

நான் இரண்டையும் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு தலையாட்டினேன்.

அன்று பத்தரை மணிக்குக் குழாய் நீலமாக நின்றது. பச்சைகூட இல்லை, நீலம். அமீனா அதைச் சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு முன்கடைக்கே ஓடிவந்தார். பாய் எழுந்து, புண்ணுக்காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். தரை அதிர்ந்தது, ஏரியில் இரண்டு படகு கவிழப் பார்த்தது. "நொய்யுடா! நொய்யி ஜெயிச்சிருச்சு!" என்று மரியஅந்தோணியைக் கட்டிப்பிடித்து அவர் கழுத்துப் பொத்தானை அறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் நீலம். ஒரு நாள் தவறவில்லை. ஏற்காட்டிலிருந்த சர்க்கரைக்காரர்கள் எல்லாம் நொய் ஓட்ஸ் கேட்டு வந்தார்கள். பாய் தரவில்லை. "எனக்கே ஆறு டப்பாதான் இருக்குது, போங்க" என்று விரட்டினார். ரோடு திறந்ததும், சேலத்துக்கு இறங்கும்போது நான் கேட்டேன்: "மருந்துப் பாட்டில் வாங்கியாரட்டுங்களா?"

"எதுக்குங்கண்ணா? சின்னையன் குடுத்ததே வருசத்துக்கும் வரும்" என்றார் அமீனா. நானும் விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் கமலா ஆரஞ்சு வந்தது. நீலம் வந்த சந்தோஷத்தில் அமீனா ஒன்றை உரித்து, நாரெல்லாம் எடுத்து, இரண்டு சுளை தட்டில் வைத்தார்.

"ரெண்டே சுளைங்க. இருவது நாளா நீலந்தானே. ஒண்ணும் பண்ணாது, தின்னுங்க."

பாய் சுளையை எடுத்து முகர்ந்தார். கண்ணில் வைத்து ஒற்றிக்கொண்டார். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். "வேண்டாம் அமீனா. ஜெயிக்கற ஆட்டத்துல நடுவுல சீட்ட மாத்தக் கூடாது. புண்ணு ஆறட்டும், தோட்டத்தையே திங்கறேன். " என் பக்கம் திரும்பினார். "வேலு, அன்னிக்கு நீ ஒரு அண்டா அல்வாவ டாப்புல ஏத்திக் கட்டிக் கொண்டாரணும்."

மலைத் தேனையும் பலாச்சுளையையும் தூக்கத்திலும் தின்கிற மனுஷர் அவர். அந்த நாட்களில் காலையில் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, இரவு ஒரு சப்பாத்தி. டீக்குச் சர்க்கரை கிடையாது. எதிர்க்கடைக்காரன் மகள் கல்யாணத்தில் லட்டுத் தட்டு எதிரில் வந்தபோது, எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். என் கணக்குகளை நீங்கள் பாதியாக்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இதை மட்டும் குறைக்க வேண்டாம்.

புண்ணுக்கு அமீனா ஊதா மருந்து தடவிக் கட்டுவார். அதனால் விரல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டால், "வலியா? தட்டிப் பாரு, மரக்கட்டையாட்டம் இருக்குது. ஆறுது" என்பார். வலி இல்லாமல் போவது நல்லதுக்கென்றே நினைத்தோம். வாடை? அது காப்பிப் பழம் அரைக்கிற மாசம். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பழத்தோல் குவிந்து புளித்து அழுகும். அந்த நாற்றம் நாகலூரிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போர்வை மாதிரி மூடிக் கிடக்கும். அதில் ஒரு மனுஷன் கால் அழுகுகிற வாடையை எவன் பிரித்துப் பார்ப்பான்?

நாற்பத்தொன்றாம் நாள் காலை, குழாய் நீலமாகவே இருந்தபோது, பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி முன்னால் சரிந்து தராசுமேல் விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. பதினோரு மணிக்கு எடுக்க வேண்டிய வண்டியை டிரைவர் எனக்காகப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னாலேயே எடுத்தார். இருபது வளைவும் பாயின் தலை என் மடியில் இருந்தது. அமீனா ஒரு துண்டில் நீலப் பாட்டிலைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். டாக்டரிடம் காட்ட. ஒரு நாளும் தவறவில்லை என்று காட்ட.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு சக்கரையா? டெஸ்டே பண்ணலையா நீங்க?"

"டெய்லியும் பண்ணுனோமுங்க" என்றார் அமீனா. "நாப்பத்தியோரு நாளும் நீலமுங்க. நீங்களே பாருங்க."

டாக்டர் பாட்டிலை வாங்கி லேப் ஆளிடம் கொடுத்தார். அவர் அதைக் குழாயில் ஊற்றினார். மேஜையிலிருந்த குளுக்கோஸ் பொடியை, டீக்குச் சர்க்கரை போடுவது போல ஒரு கரண்டி அள்ளி உள்ளே போட்டுக் கொதிக்க வைத்தார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், கட்டிலில் பாய், தலைமாட்டில் அமீனா, கால்மாட்டில் நான். தண்ணீர் கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது.

"இதுல மூட்டையோட போட்டாலும் நெறம் மாறாது. இது வெறும் துத்தத் தண்ணி. மருந்துல வேற சரக்கெல்லாம் சேரணும்" என்றார் லேப் ஆள்.

"யார் இத ஊத்துனது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அமீனாவின் வாய் திறந்தது. பாட்டில் மூடி அவர் கையில் இருந்தது. அதைப் பாய் பார்த்தார்.

"நாந்தானுங்க டாக்டரு" என்றார் பாய்.

ஜுரத்தில் குழறிய குரல், ஆனால் கடையில் கூப்பாடு போடுகிற அதே தெம்பு. "அந்தக் கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சுங்க. அல்வா திங்கோணும்னு இருந்துச்சு. தின்னா கலரு காட்டிக் குடுத்துருமில்லீங்களா? அதான், மருந்தக் கீழ கொட்டிட்டு எங்க கடைத் துத்தத்தக் கரைச்சு ஊத்திட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"அறிவிருக்கா உங்களுக்கு? அல்வாவ யார் வாங்கிக் குடுத்தா?"

"இதா நிக்கறானே, கண்டக்டரு. தெனம் நாலரை டிரிப்புல."

டாக்டர் என்னைப் பார்த்தார். அமீனா என்னைப் பார்த்தார். பாய் என்னைப் பார்க்கவில்லை, கூரையில் மின்விசிறியைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

மறுநாள் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்த பிறகு, அமீனா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் நான் கேட்டேன்: "எதுக்கு பாய் அப்பிடிச் சொன்னீங்க?"

"கால் போச்சு. அது யாரு ஊத்துனாலும் போச்சு" என்றார். "ஆனா அவ ஒவ்வொரு காலைலயும் தணல் முன்னால ஒரு மணி நேரம் குந்தியிருந்தாளேடா. அதயும் சேத்து எடுத்துறக் கூடாதில்ல?"

மலைக்குத் திரும்பியதும் ஊர் அவரை விடவில்லை. "அல்வாவுக்குக் காலக் குடுத்த பாய்" என்று பேர் வைத்துவிட்டது. எனக்கு இன்னும் மோசம். ஆறு மாசம் பஸ்ஸில் கிழவிகள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே டிக்கெட் வாங்கினார்கள். சின்னையன் கடைப் பக்கமே வராமல் இருந்தார். பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"ஏப்பா சின்னையா, எதுக்கு ஒளியறே? நீ குடுத்த தண்ணிய அன்னிக்கே வாய்க்கால்ல கொட்டிட்டேன். நான் ஊத்துனது வேற. கேளு கண்டக்டர்கிட்ட."

"நெசமாலுங்களா பாய்?" என்றார் சின்னையன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஊட்ல சோறு எறங்கலீங்க." மரியஅந்தோணியிடமும் பாய் அதையே சொன்னார். பட்லர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு பாய் அந்தப் பொய்யைப் பயிர் செய்ய ஆரம்பித்தார். கட்டைக்காலை நீட்டிக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முதலில் கால் கிலோ என்றார். அப்புறம் ஒரு கிலோ ஆனது. நெய் முழங்கையில் வழிந்தது. எறும்பு வரிசை கடையிலிருந்து ஏரி வரைக்கும் போனது. கடைசியில் கணக்கு நின்றது இருபத்தேழு துண்டில். ஒரே மூச்சில், ஒரே நாளில். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கூட்டிச் சொல்கிற கலையை நான் அவரிடம்தான் கற்றேன். உள்ளே அடுப்படியில் அமீனா இருப்பார். ஒரு நாளும் அவர் சிரித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை.

ஐந்து வருஷம் அப்படிப் போனது. தொண்ணூற்றொன்றில் சிறுநீரகம் பழுதாகி, பாய் மௌத்தானார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து ஓதி, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். பாய்க்கு எது பிடிக்கும் என்று ஏற்காட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆளாளுக்கு அல்வா கொண்டுவந்தார்கள். டீக்கடைக்காரர், மெடிக்கல்காரர், போர்டிங் ஸ்கூல் சமையல்காரர். மரியஅந்தோணி கழுத்துப் பொத்தானோடு ஒரு பெட்டி. சின்னையன் மாரமங்கலத்திலிருந்து நடந்து, சோளத்தட்டுக் கூடையில் மந்தார இலைப் பொட்டலம். முன்கடையில் விரித்த கோரைப்பாயில் அல்வா குவிந்து கிடந்தது. பொட்டலங்களை நான் எண்ணினேன். முப்பத்து நாலு. இது உண்மையான கணக்கு.

ஓதி முடிந்து கூட்டம் கலைந்தது. அமீனா இத்தாவில் இருந்தார். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. உள்கட்டு வாசலில் ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தது. அதன் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், விடைபெற.

திரைக்குக் கீழே ஒரு டம்ளர் நகர்ந்து வந்தது. நொய் ஓட்ஸ் கஞ்சி. உப்புக்கூட இல்லை. மிஸ்ஸியம்மாவின் பதினோராவது டப்பாவை இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறார்.

"தட்டுல அல்வாவோட இதயும் வெச்சு ஓதச் சொன்னேனுங்க. ஓத வந்த அசரத்து சிரிச்சாரு. பாய்க்குப் புடிக்காத கஞ்சியாச்சேன்னாரு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தன வருசமா கேக்கல. அந்த நாப்பத்தியோரு நாள்ல நீங்க அல்வா வாங்கியாந்து குடுத்தீங்களா? அவரு தின்னாருங்களா? ஒரு துண்டாச்சும்?"

போர்வையில் ஒரு கிழிசல் இருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

"தின்னாரும்மா" என்றேன்.

"நெய்யி இருந்துச்சுங்களா?"

"நெய்யா? முழங்கையில வழிஞ்சுது. பஸ் ஸ்டாண்டு நாயெல்லாம் அவரு பின்னாலயே போச்சு."

உள்ளே ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா, என்னவென்று தெரியவில்லை. ஏரிப் பக்கமிருந்து ஒரு குதிரை கனைத்தது.

"அந்தப் பாட்டில்ல நாந்தானுங்க ஊத்துனேன்" என்றார் அமீனா.

என் கையில் டம்ளர் ஆறிப்போயிருந்தது. ஒரு மடக்குக் குடித்தேன்.

"சொல்லுங்கண்ணா" என்றது அந்தக் குரல், கதை கேட்கிற குழந்தை மாதிரி. "அப்பறம்? எத்தன துண்டு தின்னாரு?"

"இருபத்தெட்டு அம்மா" என்றேன். ஒன்று கூட்டித்தான் சொன்னேன்.